தோட்டத்துக் கோழிகளைக் கீரி, வெருகு, நாய், பருந்து ஆகியவற்றிடமிருந்து காப்பது எப்படி: கொங்கு நாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டின் தோட்டத்துச் சாளைகளிலும் (தோட்டத்து வீடுகளிலும்) ஊருக்குள் இருக்கும் வீடுகளின் பொடக்காணிகளிலும் (கொல்லைப்புறங்களிலும்) பத்து இருபது நாட்டுக்கோழிகளை மேயவிட்டு வளர்ப்பவர்களுக்கு, நோய்க்கு அடுத்தபடியாகப் பெரிய இழப்பைத் தருபவை கோழி பிடிக்கும் விலங்குகளும் பறவைகளுமே. கிளுவை வேலி, கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலம், புதர் மண்டிய பள்ளம், தென்னந்தோப்பு, வாய்க்கால் கரை என்று நம் நிலத்தில் இருப்பவை அனைத்தும் கீரிக்கும் வெருகு எனப்படும் காட்டுப்பூனைக்கும் மரநாய்க்கும் நல்ல இருப்பிடங்கள். ஆகவே அவற்றை அடியோடு விரட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடு தொடங்குபவர் பணத்தையும் உழைப்பையும் வீணாக்குவார். கோழிகள் இரவில் அடையும் அறையைச் சந்து இல்லாமல் கட்டி, பொழுது சாய்வதற்குள் நாள் தவறாமல் அடைத்துவிட்டால் இழப்பின் பெரும்பகுதி நின்றுவிடும். இந்த வழிகாட்டியில் கூறப்படும் மற்றவை யாவும் அந்த ஒன்றுக்குத் துணையாகச் செய்ய வேண்டியவை.

முதல் படி: எது பிடித்தது என்று கண்டறிதல்

கோழி போனதும் வலை வாங்க ஓடுவதற்கு முன், சம்பவம் நடந்த இடத்தை ஆட்களும் நாய்களும் கலைப்பதற்குள் நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்த நேரத்தில் போனது, எத்தனை போயின, உடலில் எந்தப் பகுதி மிஞ்சியிருக்கிறது, இறகுகள் எப்படிச் சிதறியுள்ளன, எந்த வழியாக உள்ளே வந்தது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறிவிடும்.

அதற்கும் முன் ஒரு சோதனை அவசியம். செத்துக் கிடக்கும் கோழி உண்மையில் கடிபட்டுத்தான் செத்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, கழுத்திலும் முதுகிலும் இறகை விலக்கி, தோலைச் சிறிது கீறிப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால் பல் பதிந்த துளையைச் சுற்றித் தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாகத் தெரியும். செத்த பிறகு நாயோ கீரியோ கடித்திருந்தால் அந்த இடத்துச் சதை வெளிறியே இருக்கும். கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் பரவும்போது இரவில் செத்த கோழியைக் காலையில் காகமும் நாயும் கிழித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, கீரி பிடித்ததாகக் கருதித் தடுப்பூசியை மறந்துவிடுபவர்கள் உண்டு. காயமே இல்லாமல் அடுத்தடுத்துக் கோழிகள் செத்தால் வேலியை விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

பட்டப்பகலில், குறிப்பாகக் காலை வெயில் ஏறும் நேரத்தில், வேலியோரம் மேய்ந்த கோழி கத்திக்கொண்டே புதருக்குள் இழுபட்டுப் போனால் அது கீரியாகத்தான் இருக்கும். கழுத்திலும் தலையிலும் கடிப்பது அதன் வழக்கம். கோழி பெரிதாக இருந்து வேலிச் சந்தில் நுழையாவிட்டால் அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடும். முட்டைக் கூடையைக் கண்டுகொண்ட கீரி மறுநாளும் அதே நேரத்துக்கு வரும்.

மசங்கும் (பொழுது மங்கும்) நேரத்திலும் விடியலுக்கு முன்னும் ஒரே ஒரு கோழி சத்தமில்லாமல் காணாமல் போய், வேலியை நோக்கி ஒரே திசையில் இறகுகள் கிடந்தால் வெருகை நினைக்க வேண்டும். ஈரமண்ணில் அதன் காலடி வட்டமாகவும் நகக்குறி இல்லாமலும் இருக்கும். நரி, குள்ளநரி, நாய் ஆகியவற்றின் காலடியில் நகம் பதிந்திருக்கும். நரி கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நாய்களோ, அதிலும் கூட்டமாக வரும் தெருநாய்கள், கையில் கிடைத்த கோழிகளையெல்லாம் கடித்துக் குதறி, பெரும்பாலும் தின்னாமலே போட்டுவிட்டுப் போகும். வாசல் முழுக்க இறகும் ஏழெட்டுக் கோழிகளின் உடலுமாகக் கிடந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது நாயைத்தான்.

நள்ளிரவில் கூரை வழியே இறங்கி, அறைக்குள் இரண்டு மூன்று கோழிகளைக் கொன்று, தலையையும் கழுத்தையும் மட்டும் தின்றுவிட்டுப் போவது மரநாயின் வேலையாக இருக்கலாம். தென்னை மிகுந்த பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இது அதிகம். சுவரின் மேலோ ஓட்டின் மேலோ பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் ஐயம் உறுதிப்படும்.

ஓடு கூட மிஞ்சாமல் முட்டைகள் போனாலும், தலையும் கழுத்தும் எச்சிலால் நனைந்த நிலையில் குஞ்சு செத்துக் கிடந்தாலும் பாம்பு வந்திருக்கிறது. குஞ்சை விழுங்க முயன்று முடியாமல் விட்டிருக்கிறது என்று பொருள். காலோ இறக்கையோ கொறிக்கப்பட்ட குஞ்சு, சுவரோரம் புது மண் தள்ளிய வளை ஆகியவை பெருச்சாளியைக் காட்டும். வெட்டவெளியில் பகலில் ஒரு குஞ்சு மட்டும் தடயமே இல்லாமல் மறைந்தால் மேலே பாருங்கள்: கரும்பருந்து வட்டமிட்டு இறங்கும், வல்லூறு மரக்கிளையில் மறைந்திருந்து தாழப் பறந்து வந்து அடிக்கும். முட்டையில் துளையிட்டுக் குடித்திருந்தால் காகமாக இருக்கலாம்.

இவ்வளவு பார்த்தும் தெளிவாகாவிட்டால், மாலையில் அறை வாசலிலும் வேலிச் சந்திலும் சலித்த மண்ணையோ அடுப்புச் சாம்பலையோ மெல்லிய அடுக்காகத் தூவி வையுங்கள். வந்த விலங்கின் காலடியையும் வந்த வழியையும் காலையில் அதில் படிக்கலாம். ஒருமுறை ருசி கண்ட விலங்கு அடுத்த சில இரவுகளில் திரும்பி வருவது இயல்பு என்பதால் இந்தச் சோதனை பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

இரண்டாம் படி: இரவு அடையும் அறை

வளர்ந்த கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி என்ற கணக்கில், பத்துக் கோழிகளுக்கு நான்குக்கு ஐந்து அடி அறை இரவுத் தங்கலுக்குப் போதும். அறை சிறியதாக இருப்பதே நல்லது. சிறிய அறையின் ஒவ்வொரு மூலையையும் அடைப்பது எளிது, செலவும் குறைவு.

வலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைகளில் கோழிவலை என்று கொடுக்கும் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய வலை, கோழியை உள்ளே நிறுத்தி வைக்கத்தான் பயன்படும். நாய் பல்லால் இழுத்தால் அது கிழிந்துவிடும், அதன் கண் வழியே பெருச்சாளியும் பாம்பும் வந்து போகும். தரையிலிருந்து மூன்று அடி உயரம் வரையாவது அரை அங்குலக் கண் கொண்ட வெல்ட் மெஷ் எனும் பற்றவைத்த கம்பிவலையை அடிக்க வேண்டும். அந்தக் கண்ணில் நுழையும் அளவுக்கு மெலிந்த பாம்பால் முட்டையை விழுங்க இயலாது. மேற்பகுதிக்கு ஓர் அங்குலக் கண் போதும். கம்பியின் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிந்துகொண்டே போகும் என்பதை நினைவில் வைத்து, எண் குறைந்த வலையைக் கேட்டு வாங்குங்கள். வலையைச் சட்டத்தின் வெளிப்புறம் வைத்து, மேலே தகடோ மரப்பட்டியோ பதித்துத் திருகாணியால் முடுக்க வேண்டும். வெறும் ஆணியை வளைத்து அடித்தால் வெளியிலிருந்து தள்ளும் விலங்குக்கு அது தாங்காது.

அடுத்தது தரை. மண் தரையாக இருந்தால் சுவரைச் சுற்றி வலையை ஒன்றரை அடி ஆழம் புதைக்கலாம். ஆனால் கொங்கின் ஓடைக்கல் கலந்த இறுகிய நிலத்தில் அவ்வளவு தோண்டுவது கடினம். அதற்கு மாற்றாக, வலையின் அடியை வெளிப்பக்கமாக மடக்கி, சுவரிலிருந்து இரண்டு அடி அகலத்துக்குத் தரைமேல் படுக்கவைத்து, முளைக்கம்பி அடித்து, மேலே கல்லும் மண்ணும் போட்டு மூடிவிடலாம். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். இரண்டடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்ற கணக்கு அதற்கு எட்டுவதில்லை. என் கருத்தில், ஆழப் புதைப்பதைவிட இதுவே நம் மண்ணுக்குப் பொருத்தமானது. சிமெண்ட் தரை போட முடிந்தவர்களுக்கு இந்தக் கவலையும் இல்லை, பெருச்சாளித் தொல்லையும் இல்லை.

கூரையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தென்னங்கீற்றை மரநாய் எளிதாகப் பிரித்துவிடும், அதிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று அசைத்துத் தளர்த்திய கீற்றென்றால் சொல்லவே வேண்டாம். கீற்றுக் கூரையின் அடியில் முழுவதும் வலை விரித்து, அந்த வலையைச் சுவர் வலையோடு சேர்த்துக் கட்டினால் மேலே என்ன ஆனாலும் அறை திறக்காது. ஓடோ தகரமோ வேய்ந்திருந்தால் கூரையும் சுவரும் சேரும் இடத்தில் அலையலையாக விடுபடும் இடைவெளிகளை அடைக்க வேண்டும். கைவிரல் இரண்டு நுழையும் சந்து எதுவாக இருந்தாலும் அதை அடைத்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள். அறையை ஒட்டித் தாழ்ந்து நிற்கும் மரக்கிளைகளையும் வெட்டிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை இரவிலும் அனலாக இருப்பதால் கதவைத் திறந்து போடுவது பலரது பழக்கம். கோழி போவதும் பெரும்பாலும் அந்த இரவுகளில்தான். காற்று வேண்டும் என்றால் கதவைத் திறக்காமல், கிழக்குப் பக்கச் சுவர் முழுவதையும் வலையாக அமைத்து, மழைக் காற்று அடிக்கும் மேற்கையும் தென்மேற்கையும் மூடி வைப்பதே சரி. கதவுக்குத் தாழ்ப்பாள் மேலொன்றும் கீழொன்றும் வேண்டும். ஒரே தாழ்ப்பாள் இருந்தால், நாய் முட்டும்போது கதவின் அடிமூலை வளைந்து வழிவிடும். கதவுக்கும் தரைக்கும் நடுவில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

அறைக்குள் கோழிகள் ஏறி உட்கார இரண்டு அல்லது மூன்று அடி உயரத்தில் மரச்சட்டம் அமைத்து, வலையிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். வலையை ஒட்டித் தூங்கும் கோழியின் தலையை வெளியிலிருந்தே விலங்குகள் பிடித்துவிடும்.

மூன்றாம் படி: அடைக்கும் பழக்கம்

எவ்வளவு நல்ல அறையும் அடைக்காத இரவில் பயன்படாது. கோவைப் பக்கம் டிசம்பரில் ஏறத்தாழ ஆறு மணிக்கும், ஜூனில் ஆறே முக்காலுக்கும் சூரியன் மறைகிறது. அதற்கு அரை மணி முன்னதாகக் கோழிகள் அடைய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பேற்று எண்ணி அடைக்க வேண்டும். வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புபவர்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் மாற்றி மாற்றிப் பொறுப்பைக் கொடுத்துக்கொள்ளலாம். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகே திறந்துவிடுங்கள். வெருகும் நரியும் நடமாடும் நேரம் அதற்குள் முடிந்திருக்கும்.

முருங்கையிலும் வேம்பிலும் ஏறி அடையப் பழகிய கோழிகள் அறைக்குள் வர மறுக்கும். அவற்றை ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை அறைக்குள்ளும் அதை ஒட்டிய வலைக்குள்ளும் மட்டுமே வைத்திருந்து, பிறகு வெளியே விடுங்கள். மாலைத் தீவனத்தை எப்போதும் அறைக்குள் மட்டுமே போட வேண்டும். ஒரு கைப்பிடிக் கம்போ மக்காச்சோளக் குருணையோ போட்டு, ஒரே மாதிரிக் குரல் கொடுத்துப் பழக்கினால் சில நாட்களில் குரலைக் கேட்டதுமே ஓடிவரும்.

நான்காம் படி: பகல் மேய்ச்சலில் பாதுகாப்பு

பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழி இனத்தின் வளர்ந்த சேவலைப் பருந்து தொடுவதில்லை; ஆபத்து குஞ்சுகளுக்குத்தான், அதுவும் எட்டு வாரம் ஆகும் வரை. தாய்க்கோழியோடு வளரும் குஞ்சு ஓரளவு தப்பிக்கும். வானத்தில் பருந்தைக் கண்ட தாய் நீளமாகவும் மெல்லியதாகவும் ஓர் ஒலி எழுப்ப, குஞ்சுகள் அசைவற்று ஒடுங்கும் அல்லது அருகில் உள்ள மறைவுக்குள் ஓடும். தரையில் கீரியையோ பாம்பையோ கண்டால் அதே கோழி விட்டுவிட்டு உரக்கக் கொக்கரிக்கும். இந்த இரண்டு ஒலிகளையும் வேறுபடுத்திக் கேட்கப் பழகியவருக்கு, சமையலறையில் இருந்துகொண்டே மேலே பார்ப்பதா வேலியைப் பார்ப்பதா என்று தெரிந்துவிடும். இயந்திரத்தில் பொரித்து வாங்கி வந்த குஞ்சுகளுக்குத் தாயின் எச்சரிக்கை கிடையாது என்பதால் அவற்றை எட்டு வாரம் வரை மேலே மூடிய வலைக்குள் வைத்து வளர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தாயோடு இருக்கும் குஞ்சுகளைக் கூட முதல் சில வாரங்கள் மூங்கில் பஞ்சாரத்துக்குள் அடைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வெளியே விடுவது நல்லது.

மேலே மூட நிழல்வலை போதும். மெல்லிய நைலான் மீன்வலையைப் பயன்படுத்தினால் இறுக்கமாக இழுத்துக் கட்டி, தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் தொங்கும் நைலான் வலையில் சாரைப்பாம்பும் மைனாவும் சிக்கித் துடித்துச் செத்துப்போகும். பெரிய முற்றத்தை முழுவதும் மூட முடியாதவர்கள் தூண்டில் நரம்பை இரண்டு மூன்று அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டலாம். இறங்கி ஏற இடம் போதாத முற்றத்துக்குப் பருந்து தயங்கித்தான் வரும். பழைய சீடித் தட்டு, மின்னும் ரிப்பன், சோளக்கொல்லைப் பொம்மை ஆகியவை சில நாட்கள் உதவும். இடம் மாற்றாமல் வைத்தால் பருந்து பழகிவிடும். இவற்றை நம்பிக் குஞ்சுகளை வெளியே விடாதீர்கள்.

மறைவிடம் எவ்வளவு முக்கியமோ, வேலியோரத்தைத் துப்புரவாக வைப்பதும் அவ்வளவு முக்கியம். முற்றத்தின் நடுவில் கிளிரிசிடியாக் கிளைகளால் ஒரு தாழ்ந்த பந்தலோ, நான்கு காலில் நிற்கும் பழைய கட்டிலோ இருந்தால் கோழிகள் அதனடியில் ஓடி ஒளியும். ஆனால் அறையைச் சுற்றிப் பத்தடிக்காவது புல்லும் புதரும் விறகுக் குவியலும் இருக்கக் கூடாது. கீரி திறந்தவெளியைக் கடந்து வர விரும்பாது. கிளுவை வேலியை வெட்டி எறியுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதன் அடிப்பகுதியில் மட்டும், முற்றத்தை ஒட்டிய நீளத்துக்கு, இரண்டடி உயரம் வலை கட்டினால் போதும்.

ஐந்தாம் படி: விலங்குகளை வரவழைப்பதை நிறுத்துதல்

சிந்திய தீவனம் எலியைக் கொண்டுவரும், எலி பாம்பைக் கொண்டுவரும். தீவனத் தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட்டால் சிதறுவது குறையும். இரவில் அதை எடுத்து உள்ளே வைத்து, மூட்டைத் தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் கொட்டி வையுங்கள். முட்டைகளை மாலைக்குள் எடுத்துவிடுங்கள். அடைக்கோழியின் அடியில் கை விடும் முன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நல்ல பாம்பு முட்டைக் கூடையில் சுருண்டு கிடக்கலாம். அப்படிக் கண்டால் அடிக்கப் போகாமல் விலகி நின்று, தீயணைப்பு நிலையத்தை 101 எண்ணில் அழையுங்கள். கடிபட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. 108 ஊர்தியில் அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

செத்த கோழியையும் அறுத்த கழிவையும் பள்ளத்திலோ சாலையோரத்திலோ வீசுவது, என் மனதை மிகவும் வருத்தும் பழக்கம். இறைச்சிக் கழிவு கிடைக்கும் இடத்தில் நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து, கழிவு கிடைக்காத நாளில் பட்டிகளை நோக்கி வருகின்றன. காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் பட்டி ஆடுகளைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றதையும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதையும் நாம் அறிவோம். கழிவை மூன்றடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். தெருநாய்களைக் கொல்வது குற்றம். ஊராட்சியிடம் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கழிவு கொட்டுவதைத் தடுக்கவும் பலர் சேர்ந்து மனு கொடுப்பதே பயன் தரும். நன்றாகப் பழக்கிய சொந்த நாட்டுநாய் ஒன்று இரவில் கட்டின்றி முற்றத்தில் இருந்தால் வெருகும் நரியும் நெருங்கத் தயங்கும். ஆனால் குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர்ந்த நாயாக அது இருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

கீரி, காட்டுப்பூனை, மரநாய், நரி, உடும்பு, பாம்பு, பருந்து ஆகிய யாவும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அச்சட்டம் வேட்டை என்று சொல்வதில் கொல்வது மட்டுமன்றி, கண்ணி வைப்பதும் பொறி வைப்பதும் விஷம் வைப்பதும் அடங்கும். செத்த கோழியில் குருணைப் பூச்சிமருந்தைத் தடவி வைத்தால் அதை வெருகுதான் தின்னும் என்று யாரும் உறுதி கூற முடியாது. பக்கத்துத் தோட்டத்து நாய், காகம், பருந்து என்று வரிசையாகச் சாகும். வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது மனித உயிரையே வாங்கும் குற்றம். சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், ஒரு கீரியைக் கொன்றால் அந்த இடத்துக்கு வேறொரு கீரி வந்துவிடும். அதுவரை எலி பெருகும். அறையில் இருக்கும் சந்து அப்படியே இருக்கும்.

ஆனைகட்டி, தடாகம், சிறுவாணி அடிவாரம், தாளவாடி, பர்கூர் போன்ற மலை, மலையடிவார ஊர்களில் சிறுத்தை வரக்கூடும். அங்கே மேற்சொன்ன வலை மட்டும் போதாது. கோழி அறையை வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டி, வாசலில் விளக்கு எரியவிட்டு, நாயையும் இரவில் உள்ளே அடைக்க வேண்டும். காலடி கண்டால் பின்தொடராமல் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

கடிபட்டுத் தப்பிய கோழிக்கு

உயிரோடு மீண்ட கோழியை உடனே தனியாகப் பிரித்து, இருட்டான அட்டைப்பெட்டியில் வையுங்கள். இரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்திவிடும். புண்ணைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்து, காய்ச்சி ஆறிய உப்புநீரால் கழுவி, மஞ்சள் கலந்த வேப்பெண்ணெயைத் தடவினால் ஈ மொய்ப்பதும் புழு வைப்பதும் குறையும். ஆழமான காயத்துக்கு 1962 எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். கோழியைக் காப்பாற்றப் போய் நாயோ கீரியோ நரியோ உங்களைக் கடித்திருந்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

புண்ணில் புதுத்தோல் மூடிய பிறகு, மற்றவை அடைந்துவிட்ட இரவு நேரத்தில் அந்தக் கோழியைச் சட்டத்தில் ஏற்றிவிட்டால் காலையில் அதிகம் கொத்துப்படாது. அதன் பின் இரண்டு மூன்று நாட்களுக்குத் தீவனத்தையும் தண்ணீரையும் இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள்.